இருபத்தொரு மிளகு

எங்கள் பக்கத்தில் "சாப்டாச்சா?" என்று யாராவது கேட்டால் "ஆச்சு" என்றுதான் சொல்ல வேண்டும். வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தாலும் ஆச்சுதான். இரண்டு நாளாக உலை வைக்காத வீட்டிலிருந்து வந்தவனும் ஆச்சு என்று சொல்லி, கூடவே ஓர் ஏப்பமும் விட்டுக் காட்டுவான். அது பொய் என்று கேட்டவருக்குத் தெரியும். தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல் இருப்பது அவருடைய மரியாதை. நாற்பத்திரண்டு வயதுக்குள் இந்தப் பொய்யை நான் பல ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். எல்லாத் தடவையும் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஒரே ஒரு முறை மட்டும் இதை ஒரு டாக்டரிடம் சொன்னேன். அதற்காகப் பத்து வருஷம் பாகற்காய் தின்றேன்.

பாகற்காயையாவது மறந்துவிடலாம். என் மாமன் மகள் மீனாள் கைவிட்டுப் போனதை மறக்க முடியவில்லை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலை. கூச்சம் என்றால் உங்கள் வீட்டுக் கூச்சம் எங்கள் வீட்டுக் கூச்சம் இல்லை. வாங்க வருகிறவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டேன், கையைத்தான் பார்ப்பேன். எங்கள் ஊர் திருவரங்குளத்திலேயே பாதிப் பேருக்கு நான் ஊமை என்று நினைப்பு. (மீதிப் பேருக்கு நான் இருப்பதே தெரியாது.)

என் அய்யா நீரிழிவில் போனார். அவருக்கு முன்னால் பெரியப்பா, அவருக்கும் முன்னால் இன்னொரு பெரியப்பா. எல்லாருக்கும் ஒரே வழிதான்: முதலில் தாகம், பிறகு இளைப்பு, பிறகு காலில் ஒரு புண், பிறகு பாடை. ஆத்தா முப்பத்தைந்து வயதில் வெள்ளைச் சீலை கட்டினாள்.

ஆத்தாவின் கூடப்பிறந்த அண்ணன் அரிமளத்தில் இருந்தார். அவருடைய மூத்த மகள்தான் மீனாள். முறைப்படி எனக்குத்தான் என்று பிறந்த அன்றே பேசி வைத்தது. எனக்கு இருபத்து நாலு வயதானபோது மாமா பேச்சை இழுக்க ஆரம்பித்தார். ஒருநாள் வந்து உட்கார்ந்து ஆத்தாவிடம் நேராகவே சொல்லிவிட்டார்.

"இந்தாரு சிட்டு, ஒன்னைய அந்த வீட்டுக்குக் குடுத்து வெள்ளச் சீலையோட பாத்துக்கிட்டு இருக்கேன். எம் மகளையும் குடுத்துப்புட்டு அதே கோலத்தப் பாக்கச் சொல்றியா?"

"எம் புள்ள என்ன பாவம் பண்ணுனான் அண்ணே?"

"பாவம் பண்ணலத்தா. ரத்தத்துல இருந்தா அவன் என்ன பண்ணுவான்?"

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாமா சொன்னது நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது.

அந்தச் சமயத்தில் மேல்நாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு டாக்டர் புதுக்கோட்டையில் வைத்தியசாலை போட்டிருந்தார். இரண்டாவது உலகச் சண்டை ஆரம்பிப்பதற்கு முந்தின வருஷம் அது. சர்க்கரை வந்தவர்களைப் பார்ப்பதோடு அவர் நிற்கவில்லை. அப்பனுக்கு இருந்து, தனக்கு இன்னும் வராதவர்களைத் தேடிப் பிடித்துச் சோதித்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். மாமா காதில் இது விழுந்தது. டாக்டர் "பயமில்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் தை மாதமே கல்யாணம் என்றார்.

அன்று ராத்திரி நான் கடையில் இருந்த சேலைகளையெல்லாம் மனசுக்குள் விரித்துப் பார்த்தேன். அரக்கு நிறத்தில், கிளிப்பச்சைக் கரையிட்ட ஒரு பட்டு இருந்தது. மறுநாள் போனதும் அதை அடுக்கில் கடைசிக்குத் தள்ளி, மேலே நான்கு மங்கலான சேலைகளைப் போட்டு மறைத்தேன். (என் வாழ்க்கையில் நான் செய்த துணிச்சலான காரியம் இன்றுவரை அதுதான்.)

டாக்டரைப் பார்க்க மாமாதான் அழைத்துப் போனார். டாக்டருக்கு வயது முப்பது இருக்கும். என்னைப் போன்ற தற்குறியிடமும் பொறுமையாகப் பேசினார்.

"வயித்துக்குள்ள கணையம்னு ஒண்ணு இருக்கு தம்பி. அதுல ஒரு சரக்கு சுரக்குது. அதை, ஆளுங்கள வேலை வாங்கற கங்காணின்னு வச்சுக்குங்க. சாப்பிட்ட சர்க்கரைய ரத்தத்துலேருந்து இறக்கி உடம்புக்குள்ள அனுப்பறது கங்காணி வேலை. இதுல ரெண்டு விதமாக் கோளாறு வரலாம். கங்காணியே வேலைக்கு வராம இருக்கலாம். இல்லேன்னா கங்காணி வந்து தொண்டை கிழியக் கத்தியும், ஆளுங்க காதுல வாங்காம உக்காந்திருக்கலாம். ஒங்களுக்கு எப்படின்னு ரெண்டு நாள் பாக்கணும். முதல் நாள் சர்க்கரைத் தண்ணி மட்டும். ரெண்டாம் நாள் சர்க்கரைத் தண்ணியோட, வெளியிலேருந்து நானே ஒரு கங்காணிய ஊசியில ஏத்தி அனுப்புவேன். ஆளுங்க கேக்கறாங்களான்னு பாப்போம்."

எனக்கு நன்றாகப் புரிந்தது. எங்கள் ஊரிலிருந்து இலங்கைத் தோட்டத்துக்குப் போகாத வீடு ஏது?

கடைசியாக ஒன்று சொன்னார். "முக்கியமான விஷயம். சோதனைக்கு முந்தின மூணு நாளும் எப்பவும் போல சோறு நல்லா சாப்பிடணும். குறைக்கக் கூடாது. கடைசி ராத்திரி மட்டும் ஒண்ணும் கூடாது, வெறும் வயித்தோட வரணும்."

மாமா அதைச் சிரமேல் கொண்டார். மறுநாளே அரிமளத்திலிருந்து அரை மூட்டை சீரகச் சம்பா வண்டியில் வந்து இறங்கியது. "மாப்ளைக்கு நல்லா ஆக்கிப் போடச் சொன்னாக" என்று வண்டிக்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

ஆத்தா அந்த மூட்டையைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"சோத்தத் தின்னு தின்னுத்தான் ஒங்க அய்யா போனாரு. சக்கரை இருக்கான்னு பாக்கறதுக்குச் சோத்த அமுக்கிட்டு வரச் சொல்றாரே, இது என்னப்பு வைத்தியம்?"

எனக்கும் அது உறுத்தியது. அடுப்பில் ஏற்றாத பானை எப்படிப் பொங்கும்? உள்ளே ஒன்றும் போடாவிட்டால் ரத்தத்தில் என்னத்தைக் கண்டுபிடிக்க முடியும்? படித்த டாக்டர் ஏமாந்தவர்களைப் பிடிப்பதற்காக வைத்த பொறி என்றே நான் முடிவு கட்டினேன். ஐந்தாம் வகுப்புப் படித்த மூளை, மேல்நாட்டுப் படிப்பைக் கண்டுபிடித்துவிட்ட பெருமை வேறு.

அதோடு, சோதனைக்குக் குறித்த நாட்கள் ஐப்பசியில் கந்த சஷ்டியன்றும் அதற்கு மறுநாளும். ஆத்தா அதை முருகனே குறித்துக் கொடுத்த நாள் என்றாள். விராலிமலை இருக்கும் திக்கைப் பார்த்துக் கும்பிட்டு, "அப்பனே, எம் புள்ள ரத்தத்தச் சுத்தமாக் காட்டு. ஆறு நாளும் அவன மொளகு வெரதம் இருக்க வைக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டாள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் வாய் திறந்திருக்க மாட்டேன்.

மிளகு விரதம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முதல் நாள் ஒரு மிளகு, ஒரு கை தண்ணீர். இரண்டாம் நாள் இரண்டு மிளகு, இரண்டு கை தண்ணீர். இப்படி ஆறாம் நாள் ஆறு. வேறு எதுவும் கிடையாது. ஏழாம் நாள் திருக்கல்யாணம் பார்த்துவிட்டுத்தான் சோறு.

மூன்றாம் நாளிலிருந்து எனக்குச் சேலை நிறங்களெல்லாம் சாப்பாடாகத் தெரிய ஆரம்பித்தன. மாம்பழ மஞ்சளைக் கண்டால் சாம்பார். வெந்தய நிறம் அப்பளம். ஒரு ஆச்சி வந்து "மொளகாப்பழச் செவப்பு எடுங்க தம்பி" என்றபோது என் வாயிலிருந்து எச்சில் வடிந்து கஜக்கோலில் விழுந்தது. முதலாளி என்னைப் பார்த்து, "என்னடா, சாப்டியா இல்லையா?" என்றார்.

"ஆச்சுங்க" என்றேன்.

சஷ்டியன்று காலையில் மழை. நானும் ஆத்தாவும் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு புதுக்கோட்டைக்கு நடந்தோம். மாமா எங்களுக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. அவரும் விரதம்தான், ஆனால் பால் பழம் உண்டு.

கம்பவுண்டர் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார். பிறகு ஒரு பெரிய டம்ளர் நிறையச் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்தார். மற்றவர்கள் குமட்டிக்கொண்டு குடிப்பார்களாம். நான் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, விரலை விட்டு அடியை வழித்து நக்கினேன்.

"இன்னங் கொஞ்சம் இருக்குங்களா?" என்று என் குரல் கேட்டது. அதுவரை என் குரலை நானே அவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை.

கம்பவுண்டர் மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அரை மணிக்கு ஒரு தடவை விரலில் குத்து, அரை மணிக்கு ஒரு தடவை புட்டியோடு கொல்லைப்பக்கம். அந்தப் புட்டியில் இருந்ததைக் கம்பவுண்டர் ஒரு நீலத் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டு விளக்கில் காய்ச்சினார். முதல் குழாய் நீலமாகவே நின்றது. இரண்டாவது கிளிப்பச்சை ஆனது. மூன்றாவது மாம்பழ மஞ்சள். நான்காவது, நான் அடுக்கில் ஒளித்து வைத்திருந்தேனே, அதே அரக்கு.

நிறத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. நீலம் எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு சர்க்கரை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்குப் போகிற வழியில் ஆத்தாவுக்கு வேறு கவலை. "அந்தத் தண்ணியக் குடிச்சதுல வெரதம் முறிஞ்சிருச்சோ?" என்று கேட்டுவிட்டு, கவிநாட்டுக் கண்மாய்க் கரை நீளத்துக்கு யோசித்து, "மருந்து வெரதத்துல சேராது" என்று அவளே தீர்ப்பும் சொன்னாள். அன்று மாலை ஆறு மிளகு.

மறுநாள் ஊசி. ஊசியில் கங்காணி போனார், டம்ளரில் சர்க்கரை போனது, ஒரு மணி நேரத்துக்குள் என் விரல்களில் குத்துவதற்கு இடம் இல்லாமல் போனது. டாக்டர் உள்ளே போய் வெகுநேரம் கணக்குப் போட்டார். வெளியே வந்தபோது அவர் முகம் சரியில்லை. எதிரே நான், எனக்கு வலப்பக்கம் மாமா, கதவோரமாக ஆத்தா.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன், உள்ளதைச் சொல்லணும். நான் சொன்ன மாதிரி மூணு நாளும் நல்லா சாப்டீங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். அவர் கொடுத்தனுப்பிய அரை மூட்டை சீரகச் சம்பா எங்கள் வீட்டு மூலையில் வாய் கட்டியபடி உட்கார்ந்திருந்தது. சாப்பிடவில்லை என்று எப்படிச் சொல்வது? பெண் கொடுக்க வந்தவர் அரிசியும் கொடுத்து, அதையும் ஆக்கிப் போடாத வீடு என்று ஆகிவிடாதா?

"ஆச்சுங்க" என்றேன்.

"வயிறாரவா?"

கதவோரத்திலிருந்து ஆத்தா, "வயிறு முட்டப் போட்டேங்க" என்றாள். அவளுக்கும் அதே மானம்தான்.

"என்ன சாப்டீங்க? முந்தாநாள் மத்தியானம் என்ன?"

இங்கேதான் வந்தது வினை. இந்தப் பொய்க்கு இரண்டாவது வரி கிடையாது. என் ஆயுளில் "ஆச்சு" என்று சொன்ன பிறகு "என்ன?" என்று யாரும் கேட்டதில்லை. நான் விழித்தேன். ஆனால் ஆறு நாளாக மனசுக்குள் நான் தின்றுகொண்டிருந்தது இருந்ததே! வாயைத் திறந்ததும் அது தானாகக் கொட்ட ஆரம்பித்தது.

"சாம்பாருங்க. முருங்கக்காயும் கத்திரிக்காயும் போட்டதுங்க. வாழக்கா வறுவலுங்க. அப்பளம் ஆறுங்க. ரசம் ரெண்டு தடவ வாங்குனேங்க. மோருக்கு மாவடுங்க..."

டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார். மாமா முகத்தில் ஒரு திருப்தி. தங்கச்சி வீட்டில் நன்றாகத்தான் கவனித்திருக்கிறார்கள். அந்தத் திருப்தியைப் பார்த்ததும் எனக்கு ஊக்கம் பிடித்துக்கொண்டது. ஊமை என்று பெயர் வாங்கியவன் மூச்சு விடாமல் பேசினேன்.

"பாயசம் ரெண்டு டம்ளருங்க. நெய்யி தனியாங்க. அப்பறம் கோழிக் கொழம்புங்க. சாறு தனியா, வறுவல் தனியா, ஈரல் எனக்கு..."

டாக்டரின் பேனா மட்டும் கீறிக்கொண்டிருந்தது.

"கோழியா?" என்றார் மாமா.

நான் எச்சிலை விழுங்கினேன்.

"சஷ்டி வெரதத்துல கோழியாடா?" மாமா எழுந்துவிட்டார். "சோறு திங்கச் சொன்னேன். காப்புக் கட்டுன வாரத்துல கோழியடிக்கச் சொன்னனா? ஏ சிட்டு, நீயா சமைச்சே?"

ஆறு நாளாக மஞ்சள் துணியோடு தரையில் படுத்து, அவளும் என்னோடு மிளகு முழுங்கியவள் ஆத்தா. உண்மையைச் சொன்னால் மகன் டாக்டரிடம் பொய் சொன்னவன். சொல்லாவிட்டால் அவள் சஷ்டியில் கோழி அடித்தவள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா, யாருக்கும் விளங்காத ஆட்டல்.

டாக்டருக்குச் சஷ்டி கவலை இல்லை. "இவ்வளவு நல்லாச் சாப்பிட்டும் ரத்தம் இப்படிக் காட்டுதுன்னா சந்தேகமே இல்லைங்க" என்று மாமாவிடம் மெதுவாகச் சொன்னார். "கங்காணி சரியா வரல. நான் அனுப்பின கங்காணி பேச்சையும் ஆளுங்க கேக்கல. இவருக்கும் சர்க்கரை வர்ற வழிதான்."

நான் அடுக்கிய ஒவ்வொரு பதார்த்தமும் என் தலையில் நானே வைத்த கல். அப்பளத்தோடு நிறுத்தியிருந்தால்கூடக் கொஞ்சம் தப்பியிருப்பேனோ என்னவோ.

மாமா எங்களோடு பேசாமலே அரிமளத்துப் பஸ் ஏறிவிட்டார். நாங்கள் திரும்பி நடந்தோம். பாதி வழியில் ஆத்தா நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

"கோழிய எதுக்கப்பு சொன்னே?"

"பசிச்சுது ஆத்தா" என்றேன். வேறு காரணம் எதுவும் இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

தை மாதம் மீனாளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை மணமேல்குடியில் கடை வைத்திருந்தவர். மூன்று தலைமுறைக்குச் சர்க்கரை கிடையாது என்று மாமா விசாரித்துத் தீர்த்திருந்தார். கூறைச் சேலை எடுக்க மாப்பிள்ளை வீட்டார் எந்தக் கடைக்கு வந்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பத்துச் சேலை விரித்தேன், எதுவும் பிடிக்கவில்லை. மாப்பிள்ளையின் தாயார் தானே அடுக்கில் கையை விட்டு, கடைசியிலிருந்து ஒன்றை உருவினார். "இப்படி ஒண்ண வச்சுக்கிட்டா தம்பி ஒளிக்கிறீங்க?" என்றார். அரக்கில் கிளிப்பச்சைக் கரை. நானே மடித்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நான் நோயாளி. எனக்கு நோய் ஒன்றும் இல்லை, ஆனாலும் நோயாளி. காலையில் ஆவாரம்பூக் கஷாயம், மத்தியானம் கேழ்வரகுக் களி, தினம் பாகற்காய். கல்யாண வீடுகளில் என் இலையைக் கண்டால் பாயச வாளி வேகமாக நகரும். "அவனுக்கு வைக்காதப்பா, வர்ற வழி" என்பார்கள். பெண் கேட்டுப் போன நான்கு இடங்களிலும் நாங்கள் போவதற்கு முன்பே என் ரத்தம் போய்ச் சேர்ந்திருந்தது. ஆறு வருஷம் கழித்து, சீர் செனத்திக்கு வழியில்லாத ஒரு வீட்டில், "இருக்கிற வரைக்கும் நல்லா வச்சுக்கட்டும்" என்று பெண் கொடுத்தார்கள். அவள் வந்த நாளிலிருந்து பாகற்காய் நறுக்கினாள்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் மற்ற சீமையோடு சேர்ந்த வருஷம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். பத்து வருஷத்தில் அதுதான் முதல் வரவு. ஆள் பாதியாக இருந்தார்.

"மாப்ள, ராவுல நாலு தடவ எந்திரிக்கிறேன். வாய் காயுது. எனக்கும் அதானோன்னு பயமா இருக்கு. ஒனக்குத்தான் இதுல பழக்கம்."

(பழக்கம்!)

அதே டாக்டர். தலை நரைத்திருந்தது. அதே பேச்சு, அதே கங்காணி. மூன்று நாள் நன்றாகச் சாப்பிடச் சொன்னார். மாமா எங்கள் வீட்டிலேயே தங்கினார். என் சம்சாரம் வடித்துக் கொட்டினாள். முதல் நாளே பார்த்துவிட்டேன்: அவள் உள்ளே போன சமயம் மாமா இலையை அப்படியே சுருட்டிக்கொண்டு கொல்லைக்குப் போய்க் கழுநீர்த் தொட்டியில் கவிழ்த்தார். சோறு உள்ளே போகாவிட்டால் சர்க்கரையும் காட்டாது என்ற அதே பழைய கணக்கு. மூன்று நாளும் எங்கள் வீட்டு மாடுதான் சாப்பிட்டது.

சோதனை அன்று டாக்டர் கேட்டார். "மூணு நாளும் நல்லா சாப்டீங்களா?"

"ஆச்சுங்க" என்றார் மாமா. "வயிறு முட்ட."

நான் நல்லவன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். முதல் ஒரு மணி நேரம் நான் வாய் திறக்கவில்லை. குழாயில் நீலம் பச்சையாவதைப் பார்த்தேன். பச்சை மஞ்சளாவதையும் பார்த்தேன். உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. மாமா வீட்டுக் கொல்லையில் இனிமேல் நிரந்தரமாக ஒரு பாகற்காய்ப் பந்தல் போட்டுவிடலாம் என்று இருந்தது. அப்போது அவர் குத்துப்பட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி என்னிடம் குனிந்து கேட்டார்.

"ஏ மாப்ள, களி தொண்டையில எறங்குமாடா?"

என்னால் முடியவில்லை.

"டாக்டர், அவரு சாப்பிடலீங்க" என்றேன்.

"யார்ரா சொன்னது?" என்று மாமா சீறினார்.

"மாட்டுக்கு மூணு நாளா வயிறு உப்பிக் கெடக்கு மாமா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஐயா, மூணு நாள் பட்டினி போட்டா நல்ல உடம்புகூட இப்படித்தான் காட்டும். சாப்பாடே வர்றதில்லேன்னு கங்காணி ஊருக்குப் போயிடுவான், ஆளுங்களும் வேலைய மறந்துடுவாங்க. அப்ப திடீர்னு சர்க்கரைய இறக்கினா யார் தூக்குவா? அதுக்குத்தானே அத்தனை தடவை சாப்பிடச் சொல்றேன்."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். மெதுவாக என் பக்கம் திரும்பினார். அலமாரியிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"சாம்பார், ஆறு அப்பளம், ரெண்டு டம்ளர் பாயசம், கோழி" என்று வாசித்தார். "தம்பி, அன்னிக்கு நெசமா என்ன சாப்டீங்க?"

பத்து வருஷம் தாமதமாக என் வாயில் உண்மை வந்தது.

"மொளகுங்க. இருபத்தொண்ணு."

கம்பவுண்டர்தான் முதலில் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. "மறுபடி பாக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் எங்கள் இரண்டு பேருக்கும், வயிறாரச் சாப்பிட்ட பிறகு, சோதனை நடந்தது. மாமாவுக்கு வயசுக் கோளாறு, சர்க்கரை இல்லை. எனக்கும் இல்லை. இப்போதைக்கு வருகிற வழியும் காணோம் என்றார் டாக்டர். நோட்டில் என் பெயர் இருந்த வரியின் மேல் கோடு இழுத்தார். ஒரு நொடி வேலை. பத்து வருஷம் அந்தக் கோட்டுக்கு அடியில் போய்விட்டது.

என் சம்சாரத்திடம் வந்து சொன்னேன். நறுக்கிக்கொண்டிருந்த பாகற்காயைத் தட்டோடு கொல்லையில் வீசினாள். கையைத் துடைத்துக்கொண்டு, "அந்த மொளகு இல்லேன்னா நீங்க எனக்குக் கெடச்சிருக்க மாட்டீங்கள்ல?" என்றாள். நான் கொல்லைக்குப் போய்ச் சிதறிக் கிடந்த பாகற்காயைப் பொறுக்கி மாட்டுக்குப் போட்டேன்.

மாமா சும்மா இருக்கவில்லை. அவருக்குக் குற்ற உணர்ச்சி வந்தால் அதை ஊருக்கே சிரிப்பாக மாற்றிவிடுவார். இப்போது எங்கள் சொந்தத்தில் யாரும் யாரையும் "சாப்டாச்சா?" என்று கேட்பதில்லை. "எத்தன மொளகு?" என்றுதான் கேட்கிறார்கள். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் இதுதான். ஆத்தாவிடம் மட்டும் இதன் காரணத்தைச் சொல்லக் கூடாது என்று நான் எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறேன். தன் வேண்டுதல்தான் மகனுக்குப் பெண் இல்லாமல் செய்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். அய்யாவின் ரத்தம்தான் காரணம், அதையும் முருகன் பத்து வருஷத்தில் சுத்தம் செய்துவிட்டான் என்று அவள் நிம்மதியாக இருக்கிறாள். சஷ்டிக்கு இன்னமும் மிளகு முழுங்குகிறாள்.

போன ஆவணியில் மீனாளின் கடைசி மகளுக்குக் காதுகுத்து. பந்தலில் பாயச வாளியோடு மீனாளே வந்தாள். பழசாகிப்போன ஓர் அரக்குச் சேலை, கரையில் கிளிப்பச்சை. என் முன்னால் வந்து நின்றாள்.

"எத்தன மொளகு அத்தான்?"

பந்தி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பாயசம் வேண்டாம் என்று கையை மறித்தேன். சர்க்கரைக்காக இல்லை. இலையில் ஒன்றையும் தொடாமல் எழுந்து கை கழுவப் போனேன்.

தண்ணீர்த் தொட்டியோரம் ஆத்தா உட்கார்ந்திருந்தாள். காது இப்போது சரியாகக் கேட்பதில்லை.

"என்னப்பு, எல்லாரும் அப்படிச் சிரிக்கிறாங்க?"

"ஒண்ணுமில்ல ஆத்தா."

"நீ சாப்டியா?"

"ஆச்சு" என்றேன்.